அமைதி வகுப்பு

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகனைப் பூங்கோதை இன்னும் தொட்டதில்லை. குறைமாதக் குழந்தையின் மூளைக்கு அடுத்தவர் பதற்றம் ஆகாது என்பதால், தொட வருபவரின் மனம் அமைதியாக இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் அவனை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி திறக்கும். மணிக்கட்டில் கட்டிய பட்டை அதைப் பார்த்துச் சொல்லிவிடும். பூங்கோதை வாசலுக்கு வந்தாலே சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கணவனுக்கும் அதேதான்.

குடும்பத்தில் பச்சை விளக்கு எரிந்தது கொழுந்தன் சரவணப்பெருமாளுக்கு மட்டும்தான். கேன்டீன் பரோட்டாவுக்காகவே ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவன் அவன். உடம்புச் சூடு கிடைக்கட்டும் என்று குழந்தையை அவன் வெற்று மார்பில் படுக்கவைத்தார்கள். அவன் கொட்டாவி விட்டபடி செல்போனில் சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே நின்ற பூங்கோதையின் ரவிக்கை பாலில் நனைந்தது. பட்டை அதையும் பதற்றம் என்றே எடுத்துக்கொண்டது.

"அவரப் பாருங்க, ஒரு கவலையும் இல்லாம இருக்காரு. நீங்களும் பழகிக்கணும்மா" என்று நர்ஸ் ஸ்டெல்லா அவளை அமைதி வகுப்புக்கு அனுப்பினாள். அங்கே மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், விட்டாள். கடலை நினைக்கச் சொன்னார்கள், நினைத்தாள். கடலிலும் குழந்தைதான் தெரிந்தது.

ஒருநாள் காலையில் அவளுக்கும் பச்சை எரிந்தது. பெட்டி திறந்தது. மகனை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். முகத்தில் சலனமே இல்லை.

"எப்படிம்மா சாதிச்சீங்க?" என்று ஸ்டெல்லா பூரித்துப்போனாள்.

"பக்கத்துப் பெட்டிக் குழந்தைன்னு நெனச்சுக்கிட்டேன் சிஸ்டர்" என்றாள் பூங்கோதை, குனிந்து பார்க்காமலே.

மறுநாளிலிருந்து அமைதி வகுப்புக்கு வந்த தாய்மார் எல்லோருக்கும் அதையே பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.