வாடாத பாத்தி

மாலை நேர விவசாய வகுப்பின் செய்முறைச் சோதனைக்காக நுஸ்ரத் தன் மூதூர் வீட்டு வளவில் இரண்டு பாத்தி பயறு போட்டிருந்தாள். ஒன்றை வைக்கோலால் மூடினாள். மற்றதை வெறுமண்ணாக விட்டாள். பூக்கத் தொடங்கியதும் இரண்டுக்கும் தண்ணீரை நிறுத்தினாள். வைக்கோல் பாத்திதான் வறட்சியைத் தாங்கவேண்டும். ஆனால் அது வாட, வெறும் பாத்தி பச்சைப்பசேலென்று நின்றது. நாளைக்கு ஆசிரியர் பார்க்க வருகிறார். சோதனை பிழையாகிப்போனால் அடுத்த போகத்தில்தான் திரும்பச் செய்யலாம்.

“இரக்கப்பட்டுத் தண்ணி ஊத்தினீங்களா?” என்று கணவன் இக்ராமைக் கேட்டாள்.

“அல்லாஹ் அறிய இல்ல புள்ள. வெயிலுக்க வாற எனக்கே இந்த வீட்டுல ஒருத்தரும் இரக்கப்படல்ல.”

“அப்ப ஒரு பாத்திக்கு மட்டும் மழை பெஞ்சதா?”

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. நுஸ்ரத் வழமைபோல் வாளியோடு வெறும் பாத்தியின் ஓரத்துக் கல்லில் குந்தினாள். தொழுகைக்காக முகம், கை கழுவிக் காலில் தண்ணீர் ஊற்றியவள் அப்படியே உறைந்துபோனாள். கால் நனைத்த தண்ணீர் நேரே பயற்றுக்குள் ஓடியது.

“என்ன, ஆளைப் புடிச்சாச்சா?” என்றான் இக்ராம்.

“ஓம். அஞ்சு வேளையும் தவறாம வந்து ஊத்தியிருக்கிறா. நாளைக்குப் பாக்க வாற சேருக்கு அவவைத்தான் காட்டணும்.”