முதுகில் ஊரும் பேரும்

பிடிபட்ட இந்திய இழுவைப்படகின் ஆட்களை மயிலிட்டித் துறைமுகத்தில் இறக்குகிறார்கள். வலை அறுபட்ட ஊரே கரையில் நிற்கிறது. அலைகூட அனுமதி கேட்டுத்தான் அடிக்கிறது. "உவங்களுக்கு இஞ்சையிருந்து ஆரோ தகவல் குடுக்கிறான். ஆளைப் பிடிச்சால் தோலை உரிச்சுக் காயப்போடுவன்," என்கிறார் மீனவர் சங்கத் தலைவர் பரமலிங்கம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் மீனவன் பிரகலாதன் மெல்ல ஓரடி பின்னால் நகர்கிறான். இறங்குகிறவன் தங்கச்சிமடத்து அருளானந்து. உலகக் கிண்ணக் கால்பந்தின்போது வாட்ஸ்அப்பில் அவனுக்கு வாய்த்த சிநேகிதன். தோற்ற அணியின் இரசிகன் வென்றவனின் பெயர் பொறித்த பனியனைப் போடவேண்டும் என்பது இருவரின் பந்தயம். அருளானந்தின் மஞ்சள் பனியன் முதுகில் 'பிரகலாதன், மயிலிட்டி' என்றிருக்கிறது. இருவர் கண்ணும் ஒருகணம் சந்திக்கின்றன. உடனே அருளானந்து முதுகைக் கடலுக்குக் காட்டியபடி பக்கவாட்டில் நடக்கிறான். "இறால் அள்ள வந்தவர் நண்டாய் நடக்கிறார், பாருங்கோ அண்ணை!" என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்துகிறான். கரை சிரிக்கிறது. பிரகலாதனும் பல்லைக் காட்டுகிறான். அவனை ஏற்றப்போகும் பொலிஸ் பஸ்ஸோ சனத்துக்கு நட்டநடுவில், நாலு பக்கமும் கண்களோடு நிற்கிறது.