களவாக வாசிக்கும் ஒருத்தன்

வெள்ளவத்தையில், செய்தியாளர்களின் போன்களுக்குக் காவல் போட்டுக் கொடுக்கும் ரூபிகாவின் முன்னால், வினோதன் ஒரு புதுப் போனைப் பூங்கொத்துப் போல நீட்டினான். ஜன்னலுக்கு வெளியே கடல் பாதி உறக்கத்தில் கிடந்தது.

“என்ர மனுசி பத்திரிகையில எழுதுறவ, தங்கச்சி. அவவின்ர மெசேஜை ஒருத்தன் களவா வாசிக்கிறான். இனி ஏலாதெண்டு கொட்டாஞ்சேனையில தமக்கை வீட்டை போயிட்டா. பாதுகாப்பான போன் குடுத்தாத்தான் திரும்பி வருவாவாம்.”

“வாசிச்ச உடன மெசேஜ் அழியிற ஆப் போடுவம், அண்ணை. பூட்டுக்கு அவவின்ர கைரேகை. எந்தக் கெட்டிக்காரக் கள்ளனாலயும் திறக்க ஏலாது.”

வினோதன் கனவில் இருப்பவன் போலத் தன் கையைப் பார்த்தான்.

“கைரேகை மட்டும் வேண்டாம், தங்கச்சி. அவ என்ர கையைப் பிடிச்சபடிதான் நித்திரை கொள்ளுறவ. அவவின்ர விரலை வைச்சுத்தான் நான் இவ்வளவு நாளும் திறந்தனான்.”