புது மெசினில் பத்துப் பொருத்தம்

"இந்தப் பொண்ணு மட்டும் பொருந்திப்போச்சுன்னா தையிலயே முடிச்சுப்போடலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே பாவாத்தாள் இரண்டு ஜாதகங்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று அவள் மகனுடையது. இன்னொன்று தரகர் கொடுத்தது.

காந்திபுரத்தில் மாடிமேல் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் ஜோதிட நிலையத்தில், மெசின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் இரண்டையும் பிரித்துப் பார்த்தாள்.

"பொண்ணுகிட்டக் கேட்டாச்சுங்களா?"

"அவிங்கப்பன் சரின்னுட்டாரு. பொண்ணுகிட்ட என்னத்தைக் கேக்கறது?" என்றார் பாவாத்தாளின் கணவர் மருதாசலம். "பொருத்தம் வந்தாத்தான் பொண்ணையே பாக்கப்போறோம்."

"டவுனுல எங்கியோ வேலைக்குப் போகுதாம்" என்றாள் பாவாத்தாள். "அவிங்கூட்டுல மொதமொதல்ல காலேஜுப் படி ஏறுனது அதுதானாம். வாய் கொஞ்சம் நீளமுன்னு தரகரே சொன்னாரு. வரட்டும். வேலைய நிறுத்திப்போட்டு நாலு எருமையக் கையில புடிச்சுக் குடுத்தா எல்லாம் அடங்கிரும்."

"எருமைதான் பாவமுங்க" என்று மருதாசலம் சிரித்தார்.

மெசின் முன்னால் இருந்தவள் சிரிக்கவில்லை.

நேற்றுச் சாயந்திரம் வந்த புதுப் பென்டியம் கம்ப்யூட்டர் அது. முதலாளி குமாரசாமி அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாசலுக்கு நேராக வைத்துவிட்டுப் போயிருந்தார். பழைய மெசின் கண்ணில் படக்கூடாதென்று உள் அறைக்குத் தள்ளப்பட்டிருந்தது.

பொருத்தம் பார்க்கும் புரோகிராம் மட்டும் பழசு. எழுதியவள் அவள்தான். புது மெசின் வாங்கும்போது அவளை யாரும் கேட்கவில்லை.

அந்தப் புரோகிராம் கணக்கைத் தொடங்குமுன் மெசினின் வேகத்தை அளந்து பார்க்கும். பென்டியத்தின் வேகம் அதன் கணக்குக்குள் அடங்கவில்லை. பெயர், நாள், நேரம் எல்லாவற்றையும் சமர்த்தாக வாங்கிக்கொள்ளும். கணக்குப் போடும் பகுதி தொடங்கியதும் நின்றுபோய் விழுந்துவிடும். யார் ஜாதகமானாலும் விழும். அதனால் காலையிலிருந்து வந்தவர்களையெல்லாம் அவள் உள்ளே பழைய மெசினுக்குத்தான் கூட்டிக்கொண்டு போனாள்.

இவர்களைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

பையனுடைய விவரங்களைத் தாளைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். பெண்ணுடையதை மளமளவென்று அடித்தாள். பட்டனைத் தட்டினாள்.

கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்தது. பூஜ்யத்தால் வகுக்க முடியாதாம். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"என்னங்கம்மணி, நின்னுபோச்சு?"

"நின்னுபோச்சுங்க."

மருதாசலம் மறுபடியும் போடச் சொன்னார். போட்டாள். அதே வரி.

"புரோகிராம் பழசுங்க. மெசின் வேகம் அதுக்கு ஒத்துக்கல. ஜாதகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க."

அவள் பொய் சொல்லவில்லை. உள் அறையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

பாவாத்தாள் தலையை ஆட்டினாள். "போன மாசம் வேற பொண்ணுக்கு எங்க பையன் ஜாதகத்தை இங்கதான கண்ணு போட்ட? நீதான போட்டுக் குடுத்த? தண்ணியாட்டம் ஓடுச்சே. மெசின் மேல பழி போடாத. இந்தப் பொண்ணு வேண்டாமுன்னு அதே சொல்லுது."

மருதாசலம் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "வேண்டாமுன்னா உட்டுருவோம். தரகருகிட்ட நான் சொல்லிக்கறேன்."

எழுந்த பிறகு பாவாத்தாளுக்கே மனசு கேட்கவில்லை.

"கம்ப்யூட்டரே நின்னுபோச்சுன்னு ஊருக்குள்ள பேச்சானா அந்தப் பொண்ண இனி எவன் கேப்பான்? பாவம், தெரிஞ்சா அழுது பொலம்பும்."

"அழமாட்டாளுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் தன்னுடைய ஜாதகத்தை மடித்துப் பாவாத்தாளின் கையில் கொடுத்தாள்.