கடைசியாக விழுந்த பில்

“மத்த கடையெல்லாம் கெடக்கட்டும். கடம்பூர் கடை மொதல்ல வரணும்” என்றார் வன்னியபெருமாள். திரையிலிருந்து அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க் கம்பெனி முதலாளி அவர். சுற்றுவட்டாரத்தில் அவருடைய எந்தக் கடையில் பில் போட்டாலும் அது அப்போதே ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். ஆனால் அந்தக் கணக்குத் திரை திறப்பதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதைச் சரிசெய்யத்தான் மதுரையிலிருந்து காளீஸ்வரி வந்திருந்தாள்.

திரையில் மணல்கடிகாரம் திரும்பித் திரும்பி விழுந்தது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடியும் அவருக்கு நெற்றி வியர்த்தது.

“கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து போட்ட எல்லா பில்லையும் ஒவ்வொரு தடவையும் படிச்சிட்டு வருது அண்ணாச்சி. ராத்திரியே மொத்தத்தையும் கூட்டி ஒரு நகல் எடுத்து வச்சுட்டா, காலையில சட்டுனு திறந்துடும்.”

“அப்போ அது நேத்தைக்கு உள்ள கணக்குல்லா?”

“ஆமா. வியாபாரம் பாக்க அது போதுமே?”

“நேத்து எனக்கு எதுக்கு? இப்ப வேணும். இந்த நிமிசம் வேணும்!”

குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்துக்கொண்டாள் காளீஸ்வரி.

அவர் முகம் கழுவ எழுந்து போனபோது, கணக்கு எழுதும் கிருஷ்ணவேணி நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கடம்பூர் கடையில இருக்கது அவிய மகன் செண்பகராஜ். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அண்ணாச்சி போன் போட்டாலும் எடுக்க மாட்டான். பில்லு போடாம வித்துருவான்னு சந்தேகம் போலுக்கு. நாள் பூரா இதே பார்வைதான். சோறுகூட இங்கன உக்காந்துதான்.”

காளீஸ்வரிக்கு அந்த முகம் தெரியாத பையன் மேல் இரக்கம் வந்தது.

பழைய வருடங்களின் பில்களை ஒரே கூட்டாக்கித் தனியே ஒதுக்கினாள். அன்றைய பில்களை மட்டும் கடைகளிடம் நேராகக் கேட்கும்படி மாற்றினாள். பின்கட்டிலிருந்து வெல்லப்பாகு வாசம் ஏறி வந்த சாயங்காலம், தட்டியதும் திரை திறந்தது.

“எந்தக் கடையில எவ்வளவு வித்திருக்குன்னு பெரிய எழுத்துல போடட்டுமா அண்ணாச்சி?”

“ரூவா வேண்டாம், அதை எடுத்துரு. கடைசி பில்லு எப்ப விழுந்துச்சுங்கது மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

சும்மா கிடந்ததால் திரை தானாக இருண்டது. வன்னியபெருமாள் பாய்ந்து மவுசைத் தட்டினார். “இது இப்படிக் கறுத்துப் போவாம இருக்க வழி உண்டா?”

அதையும் செய்து கொடுத்தாள்.

மற்ற கடைகளின் நேரம் மாறிக்கொண்டே வந்தது. கடம்பூர் மட்டும் அசையாமல் நின்றது.

“ஸ்டேஷனுக்குப் பாசஞ்சர் ரயிலு வந்துட்டுப் போயிருக்குமே? அப்பக்கூட ஒண்ணும் விழலியே? லைன் கட்டாயிருச்சா?”

“இல்ல, லைன் இருக்கு. அவங்கதான் பில் போடல.”

அவர் கடைக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்துக் கடை நம்பரைப் போட்டார். இரண்டு தடவை தப்பான இடத்துக்குப் போனது. “காரை எடுக்கச் சொல்லுட்டீ!” என்று கிருஷ்ணவேணியைப் பார்த்துக் கத்தினார்.

அப்போது கடம்பூர் வரிசையில் நேரம் மாறியது. ஒரு பில் விழுந்திருந்தது.

வன்னியபெருமாள் அப்படியே நாற்காலியில் சரிந்து, தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காளீஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. “ஒரு பில் லேட்டானா இப்படியா? பெத்த மகன் திருடிருவான்னு இவ்வளவு சந்தேகம் ஆகாது அண்ணாச்சி.”

“திருடுனா திருடிட்டுப் போறான் தாயி.” துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “நான் ஏசுனதைப் பொறுக்காம, பூச்சிமருந்தைக் குடிச்சிட்டுப் பொழச்சு வந்தவன் அவன்.”

துண்டை விலக்கி மறுபடி திரையைப் பார்த்தார்.

“பில்லு விழுந்தா, எம் புள்ள உசுரோட இருக்கான்.”