அடிக்குறிப்பு இல்லாத வாக்கியம்

எதிர்க்கட்சி உறுப்பினர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆய்வுக் குறிப்பைப் பிரித்தபோது, நாடாளுமன்ற ஆய்வுப் பிரிவின் மாடி அறையில் எட்டுப் பேர் தொலைக்காட்சிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நம்ம குறிப்புதான்! பச்சை அட்டையைப் பாருங்க!" என்று வரைபடம் போடுகிறவர் துள்ளினார்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் ஆளுங்கட்சிப் பெண் உறுப்பினரும் அதே பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டித்தான் பேசியிருந்தார். ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் ஒன்றையொன்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தன. இந்த அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய விருது கிடையாது.

எந்தக் கட்சி கேட்டாலும் அதே குறிப்புதான் போகும். சாதகம் இவ்வளவு, பாதகம் இவ்வளவு. செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ அதில் ஒரு சொல் இருக்காது.

எழுதியவள் பின்னால் கோப்பு அலமாரியில் சாய்ந்து நின்றாள்.

டீயா காபியா என்று கேட்டால்கூட இரண்டின் நன்மை தீமைக்கும் அட்டவணை போட்டுக் கொடுப்பாள் என்று அவளைக் கேலி செய்வார்கள். பதினோரு வருடமாக அவள் எந்த மசோதாவையும் ஆதரித்துப் பேசியதில்லை, எதிர்த்தும் பேசியதில்லை.

இந்த மசோதா மட்டும் எப்படியாவது நிறைவேறிவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. வெளியே காட்டினால் வேலைக்கே உலை வைத்துவிடும். கையைக் கட்டி, வாயை இறுக மூடி நின்றாள்.

மசோதா சின்னதுதான். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பதினெட்டு வயதானதும் தங்களைப் பெற்றவர் யார் என்று பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு என்றது ஒரு தரப்பு. உங்கள் பெயரை வெளியே விடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தானே அந்தத் தாய்மாரிடம் கையெழுத்து வாங்கினோம் என்றது மறுதரப்பு.

கட்சிக் கொறடாக்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம். எண்ணிப் பார்த்தவர்கள் எல்லோரும், ஏழெட்டு வாக்கில் தோற்றுவிடும் என்று அடித்துச் சொன்னார்கள்.

எதிர்க்கட்சி உறுப்பினரும் மசோதாவை ஒரு கை பார்க்கத்தான் எழுந்திருந்தார். தாய்மாரின் ரகசியத்தைப் பற்றிய பதினொன்றாம் பக்கத்தை வரிக்கு வரி வாசித்தார்.

தனக்குப் பிடிக்காத வாதத்தையும் அவள் ஓரவஞ்சனை இல்லாமல் எழுதியிருந்தாள். அவர் கணீரென்று வாசிக்க வாசிக்க அவளுக்கே அது மறுக்க முடியாததாகப் பட்டது. இவ்வளவு நன்றாக எழுதித் தொலைத்திருக்க வேண்டாம்.

பக்கத்தின் அடிக்கு வந்ததும் அவர் குரல் தடுமாறியது. முந்தாநாளே கைக்குப் போன குறிப்பு. மனிதர் இப்போதுதான் முதன்முறையாகப் படிக்கிறார் போலும்.

'பிள்ளை தன்னைத் தேடி வராதா என்று காத்திருக்கும் தாய்மாரும் உண்டு.'

அதை இன்னொரு முறை மெதுவாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இதை நான் யோசிக்கவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின் வரிசையில் நாலைந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சபாநாயகர் வாக்கெடுப்பை அறிவித்தார். பலகையில் எண்கள் ஏறின. தொண்ணூறும் தொண்ணூறும். நூறும் நூற்றியொன்றும். மாடியில் யாரோ நாற்காலிமேல் ஏறினார்கள்.

ஆதரவு நூற்றி ஏழு. எதிர்ப்பு நூற்றி நாலு.

மசோதா நிறைவேறியதற்கு அந்த அறையில் யாரும் கைதட்டக் கூடாது. ஆனால் நம் குறிப்பு அவையில் பேசப்பட்டதற்குத் தட்டலாம் அல்லவா? அப்படிச் சொல்லிக்கொண்டு எல்லோரும் கை சிவக்கத் தட்டினார்கள்.

அவளுக்கு ஜன்னலைத் திறந்து தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும்போல் இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

பிரிவுத் தலைவர் மட்டும் தட்டவில்லை. ஒரு கமாவைக்கூடச் சோதிக்காமல் விடாத மனிதர், கையில் பச்சை அட்டையோடு நேரே அவளிடம் வந்தார்.

"என் கண்ணுக்கு எப்படித் தப்பிச்சது இது? குறிப்பு முழுக்க அடிக்குறிப்பு இருக்கு, இந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. அதுதான் ஆட்டத்தையே திருப்பிப் போட்டிருக்கு. தோத்தவங்க நாளைக்கு வந்து யார் சொன்னதுன்னு கேட்டா நான் எங்கே போய் முழிக்கிறதும்மா? எத்தனை தாய்மாரை விசாரிச்சீங்க?"

"ஒருத்தியைத்தான் சார்."

"ஒருத்தியா!" அவருக்கு ரத்த அழுத்தம் ஏறுவது முகத்திலேயே தெரிந்தது. "அவ பேரையாவது போட்டிருக்கலாமே?"

"இருபத்திரண்டு வருஷமா அவ யார்கிட்டயும் வாயைத் திறந்ததில்லை சார். இனிமே சொல்லலாம். நீங்க எழுதிக்கங்க."

அவர் பதினொன்றாம் பக்கத்தை அலமாரிமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றி, "சொல்லுங்க" என்றார்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, அவள் தன் பெயரைச் சொன்னாள்.