மார்க்கின் கேள்வி

“சாப்டிங்களாம்மா?” கைப்பேசியில் மார்க்கின் குரல் கேட்டது.

“சாப்டேன் லா” என்று அமலம்மாள் சிரித்தாள்.

பக்கத்து அறையில் கணினியின் முன்னால் இருந்த மகள் ஷேரனும் சிரித்துக்கொண்டாள். பினாங்கு துறைமுகத்தில் கப்பலேறிய அண்ணன் மார்க், நடுக்கடலில் விழுந்து இறந்து ஒரு வருடம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல ஷேரனுக்கு மனம் வரவில்லை. ராப்பகலாகத் தான் வேலை செய்யும் கணினி ஆய்வுக்கூடத்திலேயே கிடந்து, செயற்கை நுண்ணறிவால் அவன் குரலை உருவாக்கிவிட்டாள். நல்ல பிள்ளை அம்மாவிடம் கேட்பதையெல்லாம் அந்தக் குரலும் கேட்கும். செத்தவனைப் பேச வைத்துவிட்டோம் என்ற கர்வம் அவளுக்கு.

கல்லறைத் திருநாள் வந்தது. அப்பாவின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிய அம்மா, இன்னொன்றை எடுத்துக்கொண்டு நடுவிலிருந்த பெரிய சிலுவைக்குப் போனாள். இங்கே கல்லறை இல்லாதவர்களுக்கு அங்கேதான் ஏற்றுவார்கள்.

“இது யாருக்கும்மா?”

“மார்க்குக்கு.”

ஷேரன் ஆடிப்போனாள். “எப்படித் தெரியும்?”

“அவன் ஒரு நாள்கூட என்னை ‘சாப்டிங்களா’ன்னு கேட்டதில்ல லா.”

“அப்புறம் ஏம்மா தினமும் பேசுனீங்க?”

காற்றில் அணையாமலிருக்கச் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டாள் அம்மா.

“நம்ம வீட்ல வேற யாரு அப்படிக் கேக்குறா?”